ரேம் சேர்த்ததைச் சொல்லி சார்ஜிங் போர்ட்டுக்கு வாரன்டி மறுப்பு: புகார் கடிதம்

அனுப்புநர்
கணினி வகுப்புப் பொறுப்பாளர்கள்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
மஞ்சக்குப்பம், கடலூர் - 607001.

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர்,
மடிக்கணினிப் பிரிவு,
இந்தியத் தலைமை அலுவலகம்.

பொருள்: 14 அங்குல மடிக்கணினி - யுஎஸ்பி-சி சார்ஜிங் போர்ட் பழுது - கூடுதல் ரேம் பொருத்தியதைக் காரணம் காட்டி வாரன்டி மறுத்தது - விளம்பரத்தில் தவறான ரேம் அளவு - நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

பார்வை: புதுச்சேரி சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டும் (பழுதுபார்ப்புப் பதிவுச் சீட்டு) அதில் எழுதப்பட்ட மறுப்புக் குறிப்பும்.

ஐயா / அம்மையீர்,

சங்கம் நடத்தும் இலவசக் கணினி வகுப்புக்காக உங்கள் 14 அங்குல மாடலில் ஆறு மடிக்கணினிகள் வாங்கினோம். ஒவ்வொன்றிலும் 16 ஜிபி ரேம் (ஓடும் நிரல்களுக்கான நினைவகம்) கூடுதலாகப் பொருத்தினோம். ஆறும் வாரன்டிக்குள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் சார்ஜ் ஏறுவது நின்றுவிட்டது. கடலூரில் உங்களுக்கு சென்டர் இல்லாததால், புதுச்சேரியில் உள்ள உங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் ஒப்படைத்தோம். ஜாப் கார்டின் கீழே எழுதிக் கொடுத்த முடிவு இது: அடிமூடி திறக்கப்பட்டிருக்கிறது, வெளியில் வாங்கிய ரேம் இருக்கிறது, ஆகவே வாரன்டி செல்லாது, மதர்போர்டு மாற்ற வேண்டும், செலவு வாடிக்கையாளருடையது. எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருந்தது, எந்த பாகம் கெட்டது, ரேமுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று ஒரு வரிகூட இல்லை. மூடியைத் திறந்ததும் கூடுதல் ரேம் கண்ணில் பட்டிருக்கிறது. சோதனை அத்தோடு முடிந்துவிட்டது என்றே தோன்றுகிறது.

ஒப்படைக்கும் முன் நாங்கள் செய்த சோதனைகளைக் கீழே எழுதுகிறோம். போர்டு வேலை தெரிந்த உங்கள் பொறியாளர் ஒருவரிடம் இதைக் காட்டுங்கள்; அவரே முடிவு சொல்லிவிடுவார்.

இந்த மாடலில் 8 ஜிபி ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. கூடவே, ரேம் செருகக் காலியாக ஒரு ஸ்லாட். ஆகவே ஸ்லாட்டில் உள்ள ரேமைக் கழற்றினாலும் மடிக்கணினி ஓடும். கழற்றிப் பார்த்தோம், சார்ஜ் நிலைமை அப்படியேதான் இருந்தது. கழற்றிய அதே ரேமை இன்னொரு மடிக்கணினியில் போட்டோம். அது 24 ஜிபி காட்டியது, சார்ஜும் ஒழுங்காக ஏறியது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருள் நான்கு சுற்று ஓடியும் ஒரு பிழையும் வரவில்லை. ரேமைக் குற்றம் சொல்வதற்கு முன் உங்கள் சென்டர் செய்திருக்க வேண்டிய வேலை இது. ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அடுத்து, சார்ஜரிலிருந்து வரும் வோல்ட்டைக் காட்டும் யுஎஸ்பி-சி மீட்டர். உங்கள் 65 வாட் அடாப்டர் முதலில் 5 வோல்ட்தான் தரும். மடிக்கணினியில் உள்ள பவர் டெலிவரி சில்லு, சிசி என்கிற முனை வழியாகப் பேசி 20 வோல்ட் கேட்ட பிறகுதான் ஏற்றிக் கொடுக்கும். நல்ல மடிக்கணினிகளில் மீட்டர் 5இலிருந்து 20க்கு உடனே தாவுகிறது. பழுதானதில், ஆரம்பத்தில், பிளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் 20 வந்தது. அதையே திருப்பிச் செருகினால் மீட்டரின் திரைகூட எரியவில்லை. எதிர்முனையில் சாதனம் இருப்பது சிசி முனையில் தெரியாவிட்டால் அடாப்டர் மின்சாரமே விடாது என்பதால் அப்படி. பிளக்கை எப்படிச் செருகினாலும் வேலை செய்யட்டும் என்று சாக்கெட்டில் சிசி1, சிசி2 என்று திசைக்கு ஒன்றாக இரண்டு முனைகள் இருக்கின்றன. ஒரு திசை மட்டும் செத்தால், பெரும்பாலும் அந்த முனையின் பற்றவைப்பு விட்டிருக்கிறது, அல்லது சாக்கெட்டுக்குள் தொடர்பு அறுந்திருக்கிறது. பிறகு மறு திசையும் நின்றது. சாக்கெட் கொஞ்சம் கொஞ்சமாக விடும்போது இப்படித்தான் ஆகும். "விட்டு விட்டு சார்ஜ் ஏறுகிறது" என்று ஜாப் கார்டின் மேல்பகுதியில் உங்கள் ஊழியர் கைப்படவே எழுதியிருக்கிறார்.

இந்த மாடலில் உள்ள டிடிஆர்4 வகை ரேமுக்குப் போவது 1.2 வோல்ட். அதை போர்டில் தனியாக ஒரு கன்வர்ட்டர் தயாரிக்கிறது. 20 வோல்ட் உள்ளே வரும் வழி வேறு. ரேம் லைன் ஷார்ட் ஆகியிருந்தால் மடிக்கணினி திரையே காட்டியிருக்காது. இதுவோ பேட்டரி தீரும்வரை 24 ஜிபியோடு ஓடியது. ரேம் கெட்டால் வரும் அறிகுறிகள் வேறு: பவர் விளக்கு எரியும், திரை கருப்பாக நிற்கும்; பீப் சத்தமோ விளக்குச் சிமிட்டலோ வரும்; ஓடிக்கொண்டிருக்கும்போது மெமரி மேனேஜ்மென்ட் என்று நீலத் திரை விழும்; பெரிய ஜிப் கோப்பைப் பிரித்தால் கோப்பு பழுது என்று சொல்லும். இதில் ஒன்றும் நடக்கவில்லை. மாடியில் பல்பு மாற்றியதால்தான் போர்வெல் மோட்டார் நின்றது என்று சொல்வதற்கும் உங்கள் மறுப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

கவுண்டரில் வாய்மொழியாக ஒன்று சொன்னார்கள்: "வேற டைப் ரேம் போட்டிருப்பீங்க, அதான் போர்டு அடிபட்டிருக்கும்." அது முடியாத காரியம். டிடிஆர்3க்கு 204 முனை, டிடிஆர்4க்கு 260, டிடிஆர்5க்கு 262. நடுவில் உள்ள வெட்டும் ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில். தவறான வகை ரேம் இந்த ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது. நாங்கள் போட்டது 16 ஜிபி, டிடிஆர்4, 3200 வேகம், சிஎல்22 (தாமத அளவு), 1.2 வோல்ட், எஸ்ஓ-டிம் (மடிக்கணினிக்கான சிறிய ரேம் அட்டை). போர்டில் உள்ள 8 ஜிபியும் 3200தான். 2666 ரேம் போட்டிருந்தால் இரண்டும் 2666க்கு இறங்கியிருக்கும். வேகம்தான் குறையுமே தவிர, அதனாலும் எதுவும் எரியாது.

இனி, அடிமூடியைத் திறந்ததே குற்றம் என்ற வாதம். இந்த மாடலுக்கு நீங்களே உங்கள் இணையதளத்தில் வெளியிட்டிருக்கும் கையேட்டில், ரேமைக் கழற்றி மாட்டும் முறை படத்தோடு இருக்கிறது. வாரன்டி நிபந்தனைகளில், வாடிக்கையாளர் செயலால் ஏற்பட்ட சேதத்துக்கு மட்டுமே வாரன்டி கிடையாது என்று இருக்கிறது. திறந்தாலே போயிற்று என்று எங்கும் இல்லை. ஒரு திருகின் மேல் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கர் அந்த நிபந்தனையை மாற்றிவிடாது. சேதம் எது, அதை உண்டாக்கிய செயல் எது என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

திறந்து மாட்டிய முறையையும் பதிவு செய்கிறோம், ஏனென்றால் இந்த வேலையில் கை தவறினால் கெடக்கூடிய இடங்கள் உண்டு. அவற்றில் எதுவும் இங்கே கெடவில்லை. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தால் சாதாரண ஷட் டவுன் முழு ஷட் டவுன் ஆகாது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுக்க வேண்டும். அதற்கு முன்பே, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வைத்தோம். சார்ஜரைப் பிடுங்கிய பின் அடிமூடித் திருகுகளைக் கழற்றி, இருந்த இடப்படியே அட்டையில் குத்தி வைத்தோம். கீல் பக்கத் திருகு நீளம், முன்பக்கத் திருகு குட்டை. நீளமானதை முன்னால் முறுக்கினால் கை வைக்கும் பகுதியில் மேடு எழும்பிவிடும், அல்லது திருகு போர்டை அழுத்தும். மூடியை எடுத்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. சார்ஜரை மட்டும் எடுத்துவிட்டு ஸ்லாட்டில் கை வைப்பவர்கள்தான் போர்டைச் சாகடிக்கிறார்கள். பேட்டரி மாட்டியிருக்கும்வரை போர்டில் சில லைன்களில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். கனெக்டரைக் கழற்றியபின் பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடித்து மிச்சத்தையும் தீர்த்தோம். கையில் நிலைமின்சாரப் பட்டை கட்டியிருந்தோம்.

ரேமை ஓரங்களில் மட்டும் பிடித்து, வெட்டைப் பொருத்தி, சுமார் 30 பாகை சாய்வில் தங்க முனைகள் ஏறக்குறைய மறையும்வரை உள்ளே தள்ளிய பிறகே கீழே அழுத்த வேண்டும். இரு பக்கக் கொக்கிகளும் சொடுக்கும். பாதி உள்ளே போன ரேமுக்கும் கொக்கி சில சமயம் பிடித்துவிடும். திரை வராமல் பயந்து சர்வீஸுக்குக் கொண்டுவருகிறவர்களில் பலருடைய பிரச்சினை அதுதான். இன்னொன்று பொறுமையின்மை. புது ரேமை போர்டு அளந்து பழகும் முதல் தடவை, திரை வர ஒரு நிமிடம்கூட ஆகலாம். அதற்குள் பவர் பட்டனை அழுத்தி நிறுத்துவார்கள். முனைகளை ரப்பரால் தேய்க்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. உங்கள் சென்டரில் தேய்ப்பதைப் பார்த்தோம். அந்தத் துகள் ஸ்லாட்டுக்குள் விழும், மெல்லிய தங்கப் பூச்சும் தேயும்; ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணி போதும்.

ஆறு மடிக்கணினியிலும் இதே முறைதான், இதே ரேம்தான். மற்ற ஐந்தும் வகுப்பில் ஓடிக்கொண்டிருக்கின்றன. கடலோர ஊர், உப்புக் காற்று என்று அடுத்த காரணம் வரக்கூடும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறோம்: போர்டில் பச்சை பூத்த இடமோ ஈரக் கறையோ இல்லை. ஒப்படைக்கும் முன் எடுத்த படங்களை இணைத்திருக்கிறோம்.

ரேம் ஏன் சேர்க்க வேண்டியிருந்தது என்பதில் உங்கள் விளம்பரத்துக்கும் பங்கு உண்டு. 8 ஜிபியில் ஒரு பகுதியை கிராஃபிக்ஸ் எடுத்துக்கொள்ள, விண்டோஸ் 11, பிரவுசர், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ எமுலேட்டர் (கணினிக்குள் ஓடும் மாதிரி ஃபோன்) மூன்றும் திறந்தால் மீதி காலி. பிறகு எல்லாம் எஸ்எஸ்டிக்கும் (கோப்புகள் இருக்கும் சேமிப்பகம்) ரேமுக்கும் இடையே அலையும். ரேம் ஏற்றலாம் என்று நம்பித்தான் வாங்கினோம். விற்பனைப் பக்கத்தில் நீங்கள் போட்டிருப்பது: இரண்டு ஸ்லாட், 32 ஜிபி வரை. உள்ளே இருப்பது ஒரு ஸ்லாட். போர்டில் 8 ஜிபி நிரந்தரம் என்றால், 32 வர ஸ்லாட்டில் 24 ஜிபி போட வேண்டும். டிடிஆர்4இல் 24 ஜிபி எஸ்ஓ-டிம் கிடையாது. 24, 48 என்ற அளவுகள் டிடிஆர்5இல்தான் வந்தன. ஆகவே நீங்கள் விற்ற இந்த மடிக்கணினியில் 32 ஜிபி என்ற எண் எப்படியும் வராது. போர்டில் 16 ஜிபி உள்ள வேறு ரகத்தின் கணக்கை (16 + 16) இதற்கும் ஒட்டிவிட்டீர்கள் என்று ஊகிக்கிறோம். அதோடு, 8உம் 16உம் சேரும்போது 16 ஜிபி வரைதான் இரட்டைச் சேனலில் (இரு வழியில் ஒரே நேரத்தில், வேகமாக) ஓடும், மிச்ச 8 ஒற்றைச் சேனலில். வாங்குபவருக்கு இது பெட்டியிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

சென்டரில் இன்னும் இரண்டு விஷயங்கள். "கம்பெனி ரேம் போட்டிருந்தால் வாரன்டி இருந்திருக்கும்" என்றார்கள். அதே 16 ஜிபிக்கு அவர்கள் சொன்ன விலை கடை விலையில் இரண்டு மடங்குக்கு மேல். சார்ஜ் ஏறாத மடிக்கணினியை வாங்கிக்கொள்ள, எஸ்எஸ்டியை ஃபார்மட் செய்ய (கோப்புகளை அழிக்க) ஒப்புதல் கையெழுத்தும் கேட்டார்கள். சார்ஜிங் போர்ட்டுக்கும் மாணவர்களின் கோப்புகளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு "ப்ரொசீஜர் சார்" என்பதே பதில். எஸ்எஸ்டியைக் கழற்றி எங்களிடமே வைத்துக்கொண்டு, அதை ஜாப் கார்டில் எழுத வைத்த பின்னரே கொடுத்தோம்.

எங்கள் கோரிக்கைகள்: சார்ஜிங் போர்ட்டை வாரன்டியில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும், சாக்கெட் மாற்றினால் போதுமென்றால் முழு மதர்போர்டு தேவையில்லை. மறுப்பதானால், சாக்கெட்டின் சிசி முனைகளில் எடுத்த அளவீடும், நுண்ணோக்கிப் படமும், ரேமால் விளைந்தது என்று நீங்கள் சொல்லும் சேதத்தின் இடமும் எழுத்தில் வேண்டும். எங்கள் 16 ஜிபி ரேம் மடிக்கணினியோடு திரும்ப வர வேண்டும். அதன் வரிசை எண் ஜாப் கார்டில் இருக்கிறது. விற்பனைப் பக்கத்தில் ஒரு ஸ்லாட், போர்டில் 8 ஜிபி, 32 ஜிபி ஆகாது என்று திருத்த வேண்டும். ரேம் பொருத்துவதால் மட்டும் வாரன்டி போகாது என்று உங்கள் சென்டர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பி, அதன் நகலை எங்களுக்கும் தர வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 35இன் கீழ் மனு கொடுப்போம். சென்டர் புதுச்சேரியில் இருந்தாலும், பிரிவு 34இன்படி புகார்தாரர் இருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கட்டணம் வாங்காத வகுப்பு என்பதால் வணிகப் பயன்பாடு என்றும் இதைத் தள்ள முடியாது. பிரிவு 2(11) சேவைக் குறைபாட்டையும், பிரிவு 2(28) தவறாக வழிநடத்தும் விளம்பரத்தையும் சொல்கிறது. எங்கள் புகார் இரண்டிலும் வரும். பழுதின் காரணத்தில் தகராறு என்றால், பிரிவு 38இன்படி பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்போம். அதனால் எங்கள் மடிக்கணினியில் இனி எந்த பாகத்தையும் எங்களுக்குத் தெரியாமல் மாற்ற வேண்டாம் என்று உங்கள் சென்டருக்கு இன்றே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கணினி வகுப்புப் பொறுப்பாளர்கள்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
மஞ்சக்குப்பம், கடலூர்.

இணைப்பு: வாங்கிய பில், ஜாப் கார்டு நகல், ரேம் பில், மெம்டெஸ்ட்86 அறிக்கை, யுஎஸ்பி-சி மீட்டர் படங்கள், போர்டின் படங்கள், உங்கள் விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், கையேட்டில் ரேம் கழற்றும் பக்கம்.

நகல்: பொறுப்பாளர், சர்வீஸ் சென்டர், புதுச்சேரி.