ஈரல் எவ்வளவு தெரிந்தது என்பதையும் எழுதுங்கள்

ஸ்கேன் அறைகளில் இருக்கும் ரேடியாலஜி மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் கல்லீரல் ஓபி பார்க்கும் மருத்துவன். நீங்கள் எழுதும் ரிப்போர்ட்டை வைத்துத்தான் நோயாளிக்குப் பதில் சொல்கிறேன். அதில் விடுபடும் ஒரே ஒரு வரிக்காக இந்தக் கடிதம்.

சிரோசிஸ் வந்து ஈரல் தழும்பேறிச் சுருங்கியவர்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறோம். ஈரல் புற்றுக்கட்டி இரண்டு மடங்காகச் சராசரியாக நான்கைந்து மாதம் பிடிக்கிறது. அதிலிருந்து வந்த கணக்கு இது. இரண்டு சென்டிமீட்டரில் பிடித்துவிட்டால் வெட்டி எடுக்கலாம், ஊசி வழியாகச் சுட்டுவிடலாம், மாற்று ஈரல் பற்றியும் பேசலாம். மஞ்சள் காமாலையோடும் வயிறு வீங்கியும் வருபவருக்குச் செய்ய அதிகம் இருப்பதில்லை. ஷாங்காயில் ஹெபடைடிஸ் பி தொடர்புள்ள சுமார் 18,800 பேரிடம் நடந்த ஆய்வு 2004இல் வெளியானது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும், ஈரல் புற்றுநோயில் ஏறக்கூடிய ஏஎஃப்பி என்ற புரதத்துக்கான ரத்தப் பரிசோதனையும் என்று அழைக்கப்பட்டவர்களிடையே ஈரல் புற்றுநோய்ச் சாவு 37 சதவீதம் குறைந்திருந்தது. அதுவும் சொன்ன பரிசோதனைகளை அவர்கள் 60 சதவீதம்கூடச் செய்துகொள்ளாத நிலையில்!

அதனால் ஸ்கேன் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் அது எல்லாவற்றையும் காட்டிவிடாது என்பது உங்களுக்கே நன்றாகத் தெரியும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வந்த கணக்குப்படி, சிரோசிஸ் உள்ளவர்களின் ஆரம்ப நிலைப் புற்றுநோயில் ஸ்கேன் மட்டும் கண்டுபிடிப்பது சுமார் 45 சதவீதம். ஏஎஃப்பியும் சேர்ந்தால் 63.

எங்கே தவறுகிறது? உதரவிதானத்துக்குக் கீழே ஒட்டியிருக்கும் ஈரலின் மேல்முனை நுரையீரல் காற்றில் மறைந்துவிடுகிறது. காலை டிபன் சாப்பிட்டு வந்தவரின் இடது பகுதியை இரைப்பை வாயு மறைக்கிறது. கொழுப்பு ஏறிய ஈரலில் ஒலி ஆழத்துக்குப் போவதே இல்லை, கீழ்ப்பாதி வெறும் சாம்பல் மூட்டம். நம் ஊரில் சர்க்கரையும் தொப்பையுமாக வரும் சிரோசிஸ் நோயாளிகள் கூடிக்கொண்டே போகிறார்கள். பார்க்கக் கஷ்டமான வயிறும் இவர்களுடையதுதான்.

ரிப்போர்ட்டில் என்ன வருகிறது? ‘கோர்ஸ் எக்கோடெக்ஸ்சர், நோ ஃபோகல் லீஷன்.’ அதாவது ஈரல் சொரசொரப்பாக இருக்கிறது, தனியாகக் கட்டி எதுவும் இல்லை. ஈரல் முழுக்கத் தெரிந்தவருக்கும் இதே வரி, பாதிகூடத் தெரியாதவருக்கும் இதே வரி. நோயாளி அதை ‘கட்டி இல்லையாம்’ என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். நூறு கிலோவைத் தாண்டிய ஒருவர் இப்படி ஒரு ரிப்போர்ட்டோடு என்னிடம் வந்தார். ஏஎஃப்பி ஏறியிருந்ததால் சிடி எடுத்தோம். மேல்முனையில் நான்கு சென்டிமீட்டர் கட்டி. ஸ்கேன் எடுத்தவரை நான் குறை சொல்லமாட்டேன், அந்த வயிற்றில் யாருக்கும் அது தெரிந்திருக்காது. தெரியவில்லை என்று எழுதியிருந்தால் போதும்.

எழுதுவதற்கு வழியும் இருக்கிறது. அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2017இல் கொண்டுவந்த லை-ராட்ஸ் என்ற, அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட் எழுதும் முறையில், ஈரல் எவ்வளவு தெரிந்தது என்பதற்கு ஏ, பி, சி என்று மூன்றே எழுத்து. ஈரலிலோ உதரவிதானத்திலோ பாதிக்கு மேல் தெரியாவிட்டால் சி. ‘சி’ என்று பார்த்தால் வெறும் வயிற்றோடு வரச்சொல்லி சீக்கிரமே மறுபடி ஸ்கேன் எடுக்கலாம். அப்போதும் தெரியாவிட்டால் சிடியோ எம்ஆர்ஐயோ எடுக்கவைப்பது என் பொறுப்பு.

கட்டி தெரிந்தால் அளவை மில்லிமீட்டரில் எழுதுங்கள். ‘சிறு முடிச்சு’ என்று மட்டும் வந்தால் எனக்கு உதவாது. 10 மில்லிமீட்டர்தான் கோடு: அதைத் தொட்டுவிட்டால் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்திச் சிடியோ எம்ஆர்ஐயோ எடுக்கவேண்டும், குறைவாக இருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன்.

வாசலில் கூட்டம், ஒரே மெஷின், நேரமில்லை என்பீர்கள். நியாயம்தான். ஆனால் ஸ்கேன் எடுக்கும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும், கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் கேட்கும் எஃப் படிவத்தை ஒரு கட்டம் விடாமல் நிரப்புகிறீர்களே! சட்டம் கேட்கிறது, செய்கிறீர்கள். நான் கேட்பது ஒரே ஓர் எழுத்து.

எங்கள் பக்கத்திலிருந்து வரும் சீட்டில் வெறும் ‘வயிறு ஸ்கேன்’ என்று இருந்தால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். சிரோசிஸா, ஹெபடைடிஸ் பியா, போன ஸ்கேன் எப்போது, கடைசி ஏஎஃப்பி எவ்வளவு என்று எழுதித்தர வேண்டியது நாங்கள். அது இல்லாமல் எங்கே உற்றுப்பார்ப்பது என்று உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

அன்புடன்,
ஒரு கல்லீரல் மருத்துவன்