படம் போட்டால் காவலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் தெருவுக்கு வாட்ஸ்அப் குழு உண்டு, மாதச் சந்தாவில் தனியார் காவலும் உண்டு. வரி கட்டுவது தனிக் கதை. 1995ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டப்படி மக்களும் போலீசும் சேர்ந்து பேச ஸ்டேஷன்தோறும் சமூகக் காவல் மன்றம் இருக்கிறது. போன கூட்டத்துக்கு வந்தது பதினோரு பேர், பாதி என்னைப் போன்ற கிழங்கள். இளையவர்கள் ‘சந்தேக ஆள்’ என்று குழுவில் படம் போடுவதோடு சரி. போன வாரம் அப்படி மாட்டியவன், பக்கத்து வீட்டுக் குழாயைச் சரிசெய்ய வந்த பையன்! 2021 ஜூலை கலவரத்தில் இதே டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் தெருக்காவல் என்ற பெயரில் தொடங்கியது முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது மறந்துவிட்டதா? பகலில் வேலைக்குப் போகிறவர்களும் வருகிற மாதிரி கூட்டத்தை மாலை ஏழு மணிக்கு மாற்றுங்கள். அப்புறம், எங்கள் பகுதி ரோந்துப் போலீஸ்காரர் யார் என்றாவது சொல்லுங்கள்.

— ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்