பாடத்திட்டக் குழுவுக்கு: லீப் விநாடிக்கு ஒரு வகுப்பு ஒதுக்குங்கள்

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகளில் கணிதம், கணினி அறிவியல் பாடத்திட்டங்களை வகுக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். மயிலாடுதுறையில் இளங்கலை மாணவர்களுக்குக் கணிதம் நடத்துகிறேன். ஒரு நாளுக்கு 86,400 விநாடி என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

2017 ஜனவரி 1, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி மாதம், ஊரெல்லாம் கோயில் நடை திறந்திருக்கும் விடியற்காலை. அன்று இந்திய நேரப்படி 5:29:59-க்கு அடுத்து 5:30:00 வரவில்லை. இடையில் 5:29:60 என்று ஒரு விநாடி வந்தது. இதுதான் லீப் விநாடி. அணுக் கடிகாரத்தையும் பூமியின் சுழற்சியையும் ஒட்டவைக்க 1972 முதல் சேர்க்கப்பட்ட 27 விநாடிகளில் கடைசி அது.

லினக்ஸ் போன்ற யூனிக்ஸ் வகைக் கணினிகளில் நேரம் என்பது 1970 தொடக்கத்திலிருந்து எண்ணிவரும் ஓர் எண். அதன் சூத்திரத்தில் எல்லா நாளும் 86,400 விநாடிதான். அதில் 5:29:60-ஐப் போட்டால் 1483228800 வரும். 5:30:00-ஐப் போட்டாலும் அதே 1483228800! இரண்டு நேரங்களுக்கு ஒரே எண்: சார்பு ஒன்றுக்கொன்றாக இல்லை, ஆகவே எண்ணிலிருந்து நேரத்துக்குத் திரும்பும் நேர்மாறும் கிடையாது. 5:29:59-க்கும் 5:30:01-க்கும் உள்ள எண்களைக் கழித்தால் 2 வரும். ஓடியதோ 3 விநாடி. சார்பு நடத்த இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

யூடிசி, அதாவது உலகக் கடிகாரங்களுக்கு அடிப்படையான பொது நேரம், என்பது பன்னாட்டு அணு நேரத்திலிருந்து ஒரு முழு எண்ணைக் கழித்தது. இப்போது அந்த எண் 37. அது மெல்ல மெல்ல மாறாமல் படிக்கட்டுபோல ஒவ்வொரு விநாடியாகத் தாவும் சார்பு. அடுத்த படி எப்போது என்பதைச் சூத்திரம் சொல்லாது. பூமியை அளந்து பார்த்து, சுமார் ஆறு மாதம் முன்னால்தான் அறிவிப்பார்கள்.

"ஒரு விநாடிதானே சார்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தஞ்சாவூரில் சூரியன் உச்சிக்கு வருவதே சராசரியாகக் கடிகாரப் பன்னிரண்டுக்குப் பதிமூன்று நிமிடம் கழித்துத்தான். வயலில் நிற்பவருக்கு ஒரு விநாடியால் எதுவும் ஆகாது. சர்வருக்கு ஆகும்: 2012-இல் சேர்த்த விநாடி பல நாடுகளில் லினக்ஸ் கணினிகளைத் திணறவைத்தது.

யூடிசியும் பூமியின் சுழற்சியும் எவ்வளவு விலகலாம் என்ற வரம்பை 2035-க்குள் தளர்த்த 2022-இல் பன்னாட்டு எடை அளவை மாநாடு தீர்மானித்துவிட்டது, அப்புறம் எதற்குப் பாடம் என்று தள்ளிவிடாதீர்கள். சேர்த்த 27 விநாடியும் அட்டவணையில் இருந்துகொண்டேதான் இருக்கும். பழைய தரவைத் தொடும் ஒவ்வொரு மாணவரும் அவற்றைக் கடந்தாக வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக் கணக்குகள் என்னிடம் இருக்கின்றன, கேட்டால் அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
ஒரு கணித ஆசிரியர்