பொதிகை உச்சிவரை கூட வந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

பொதிகை உச்சியான அகத்தியர்கூடம் ஏறி இறங்கி நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டேன். நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேர் இருக்கும் இடத்தில் போன் சிக்னலே கிடையாது. அதனால்தான் இந்த மடல். அவர்களைத் தெரிந்த யாராவது வாசித்துக் காட்டினால் போதும்.

அம்பாசமுத்திரத்தில் பிறந்தவளுக்குப் பொதிகையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்த எங்களுக்கு அந்த மலையில் ஏற எங்கள் பக்கமாக வழி இல்லை. பாபநாசத்துக்கு மேலே எல்லாம் புலிகள் காப்பகம், விடமாட்டார்கள். திருவனந்தபுரம், விதுரா, போணக்காடு என்று கேரளத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். கேரள வனத்துறை வருடத் தொடக்கத்தில் சில வாரங்கள் மட்டும் அனுமதி தருகிறது. ஆன்லைனில் திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். லீவு போட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்து எனக்கும் என் நாத்தனாருக்கும் இடம் பிடித்துத் தந்தான் அண்ணன் மகன். அவனுக்கு முதல் நன்றி. மருத்துவச் சான்றிதழ் கேட்டுப் போனபோது, "ஒரு மாசம் மாடிப்படி ஏறி இறங்கிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பிய டாக்டரம்மாவுக்கும்தான். அன்றைக்கு எனக்கு வந்தது கோபம்.

நேரில் பார்க்காத சிலருக்கும் நன்றி உண்டு. 2018 வரை இந்த உச்சிக்குப் பெண்களை விடவில்லை. பெண்கள் அமைப்புகள் வழக்குப் போட்டு, அந்த நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பிறகு முதல் பெண்ணாக 2019 ஜனவரியில் தன்யா சனல் உச்சிக்குப் போய் வந்தார். அதைத் தங்கள் தெய்வம் இருக்கும் இடமாகக் கருதும் காணி மக்கள் (இந்த மலைக்காட்டுப் பழங்குடியினர்) அப்போது எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எங்களுடன் வந்த வழிகாட்டியும் காணிக்காரர். தயங்கித் தயங்கி அதைப் பற்றிக் கேட்டேன். "எங்க அம்மாவுக்கு இப்பவும் இஷ்டமில்ல. நீங்க வந்துட்டீங்க, பத்திரமா கொண்டுபோய் கொண்டுவரணும், அது என் வேலை" என்றார். ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி, சேட்டா. அந்த அம்மாவின் வருத்தத்தை என்னால் தப்பு என்று சொல்ல முடியவில்லை. நான் ஏறியதும் தப்பு என்று தோன்றவில்லை.

போணக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் சுமார் 14 கிலோமீட்டர். கரமனை ஆறு, வாழைப்பைத்தியாறு என்று வழியெல்லாம் தண்ணீர், குளிர்ச்சியாகவே போய்விடும். அப்புறம் நிழலே இல்லாத புல்மேடு, அதற்கும் மேலே முட்டிடிச்சான் ஏற்றம். பெயரைக் கேட்டாலே தெரியும், முழங்கால் நெஞ்சில் இடிக்கும். அங்கே நாத்தனார் உட்கார்ந்தே விட்டாள். வேகமாகப் போன இளைஞர்களை இன்னொருவருடன் அனுப்பிவிட்டு, சேட்டன் எங்களுக்காகப் பின்தங்கினார். ஒருமுறைகூட மணியைப் பார்க்கவில்லை. ஏதோ பேச்சில் ஆரோக்கியப்பச்சை என்ற செடியைப் பற்றிச் சொன்னார். 1987இல் இந்தக் காட்டுக்கு வந்த விஞ்ஞானிகள் மூச்சு வாங்கி நின்றபோது, கூடப் போன காணிகள் அந்தச் செடியின் காயை மென்றுகொண்டே களைப்பில்லாமல் நடந்தார்களாம். அதிலிருந்துதான் பிறகு 'ஜீவனி' மருந்து வந்தது, அதன் வருமானத்தில் காணிகளுக்கும் ஒரு பங்கு ஒதுக்கினார்கள். மலையேறுகிறவர்களுக்குக் காணிகள் செய்த உதவி நேற்று இன்று தொடங்கியதல்ல.

மறுநாள் உச்சிக்கு 6 கிலோமீட்டர்தான், ஆனால் அதுதான் மலை. பொங்கலாப்பாறை தாண்டியதும் பாறைச் சரிவுகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள். பனியில் பாறை வழுவழுவென்று இருந்தது. நான் கயிற்றை இழுத்து இழுத்து உடம்பைத் தூக்கப் பார்த்தேன், கைதான் நடுங்கியது. "கயிற்ற இழுக்காதீங்க அம்மா, சும்மா பிடிச்சா போதும். பாதத்த முழுசா வைங்க, உடம்ப பாறையோட ஒட்டாதீங்க" என்று கீழேயிருந்து சேட்டன் சொன்னார். அடுத்த அடி எங்கே வைப்பது என்று தெரியாமல் கால் தடுமாறியபோது, ஒரு குழியில் தன் உள்ளங்கையை வைத்து அதன்மேல் மிதிக்கச் சொன்னார். ஷூவோடு மிதித்தேன். அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியர் சிலை முன்னால் நிற்கக்கூட விடாத காற்று. மேகம் கொஞ்சம் விலகியபோது கிழக்கே காரையாறு அணைத் தண்ணீர் மின்னியது. "அந்தப் பக்கம் உங்க ஊரு" என்றார் சேட்டன். நாத்தனார் அழுதாள், நான் போட்டோ எடுத்தேன்.

அதிருமலையில் இறங்கி வந்தவர்களுக்குச் சூடாகக் கஞ்சியும் பயறும் ஊற்றிய சமையல்காரச் சேட்டன்மாரே, மூன்றாவது தடவை கேட்டபோதும் முகம் சுளிக்காததற்கு நன்றி. இருட்டில் முகாமைச் சுற்றி யானை வராமல் வெட்டிய அகழிவரை டார்ச்சோடு போய்வந்த வனக் காவலர்களுக்கும் நன்றி. நீங்கள் விழித்திருந்ததால்தான் நாங்கள் குறட்டை விட்டோம்.

கடைசியாக, இறங்கும்போது நான் நொண்டுவதைப் பார்த்துத் தன் முட்டிப் பட்டையைக் கழற்றிக் கொடுத்த கொல்லத்துச் சேச்சிக்கு. போணக்காட்டில் பஸ் கிளம்பிய அவசரத்தில் அதை வாங்காமலே போய்விட்டீர்கள். துவைத்து வைத்திருக்கிறேன். முகவரி தெரிவித்தால் தபாலில் அனுப்புகிறேன், கூடவே கொஞ்சம் திருநெல்வேலி அல்வாவும்.