திருகோணமலை மருந்துக்கடைக்காரர்களுக்கு: நாய்க்கு என்று வலி மாத்திரை கேட்டால் தராதீர்கள்

திருகோணமலை நகரிலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கமும் மருந்துக்கடை வைத்திருப்பவர்களுக்கும், கவுண்டரில் நிற்கும் தம்பி தங்கைமாருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டு ஜிம்மிக்கு 12 வயது. பொமரேனியன் கலப்பு, நிறை 5 கிலோ. போன மாரியில் காலையில் எழும்பும்போது பின்னங்கால் விறைத்து நிற்கும், நாலடி நடந்ததும் கொஞ்சம் இளகும். கதிரையில் பாய்வதை நிறுத்திவிட்டது. அழவில்லை, கத்தவில்லை. வயது போய்விட்டது, அதுதான் என்று நானும் விட்டுவிட்டேன். மூட்டுவாதம் என்று தெரியாது.

ஒரு நாள் படி இறங்கும்போது வலியில் கத்தியது. ஒரு மருந்துக்கடைக்கு ஓடினேன். நாய்க்கு என்று சொல்லித்தான் கேட்டேன். டைக்ளோபினாக் 50 மி.கி. வலி மாத்திரை தந்து, "பாதியை உடைச்சுக் குடுங்கோ" என்றார்கள். கொடுத்தேன். மூன்றாம் நாள் சாப்பாட்டைத் தொடவில்லை. வாந்தி, தார் மாதிரிக் கறுத்த மலம். வயிற்றில் புண்ணாகி இரத்தம் கசிந்தால் அப்படித்தான் போகுமாம். மிருக வைத்தியர் சேலைன் ஏற்றித்தான் காப்பாற்றினார். கடையின் பெயரை எழுத மாட்டேன். பிழையில் பாதி என்னுடையது.

டைக்ளோபினாக் போன்ற மாத்திரைகள் வலியை மட்டும் தடுப்பதில்லை. வயிற்றின் உட்சுவரையும் சிறுநீரகத்தையும் காக்கும் சுரப்புகளையும் சேர்த்தே தடுக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். மனிதர் ஓரளவு தாங்குவோம், நாய் தாங்காது. டைக்ளோபினாக், ஐபுபுரூபன் இரண்டும் அதற்கு ஆகவே ஆகாது. பரசிற்றமோலும் விளையாட்டில்லை. 500 மி.கி. மாத்திரை ஒன்று ஜிம்மியின் வயிற்றுக்குள் போனால் கிலோவுக்கு 100 மி.கி.; ஈரலைக் கெடுக்க அது போதும்.

அதே வகை வலி மருந்தான மெலொக்சிகத்தை நாய்க்கும் எழுதுகிறார்களே என்பீர்கள். உண்மைதான். வழக்கமாக நாளொன்றுக்குக் கிலோவுக்கு 0.1 மி.கி. ஜிம்மிக்கு அரை மி.கி. மனிதருக்கான மாத்திரை 7.5 மி.கி., அதாவது ஜிம்மியின் 15 நாள் மருந்து ஒரே மாத்திரையில்! பிளேட்டால் வெட்டிச் சரிக்கட்டுகிற கணக்கா இது? நாய்களுக்கான திரவ மருந்தை வைத்தியர் சொன்ன அளவில் சிரிஞ்சால் அளந்து வாயில் விடுகிறோம். அதோடு பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் மருந்து சேரவே கூடாது. ஒருவர் இரண்டையும் கேட்டு வந்தால் தயவுசெய்து நிறுத்திக் கேளுங்கள்.

வைத்தியரின் துண்டு இல்லாமல் நாய்க்கு வலி மாத்திரை தராதீர்கள் என்பதுதான் என் கோரிக்கை. ஆனால் வெறுமனே "இல்லை" என்றால் ஆள் அடுத்த கடைக்குப் போய்விடும். அதனால் "மிருக வைத்தியரிடம் கேளுங்கள்" என்று இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். வியாபாரம் போகிறதே என்றால் ஒரு சுடுநீர்ப் பையை விற்றுவிடுங்கள். துணியில் சுற்றி, நம் கைக்கு இதமாக இருக்கும் சூட்டில் பத்து நிமிடம் மூட்டில் வைத்தால் ஜிம்மி கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். வலித் தைலம் மட்டும் வேண்டாம், நக்கி விழுங்கிவிடும்.

மற்றதெல்லாம் வீட்டு வேலை. டைல்ஸ் தரையில் கால் வழுக்குவதுதான் பெரிய எதிரி. ஜிம்மி நடக்கும் வழியெல்லாம் பழைய பாயும் சாக்கும் விரித்திருக்கிறோம், நகத்தையும் ஒட்ட வெட்டுகிறோம். வாடை வீசும் மார்கழியில் வெறும் சீமெந்தில் படுக்க விடுவதில்லை. பாணும் பொரித்த மீனும் நின்றுபோனதில் அரைக் கிலோ குறைந்தது. அரைக் கிலோதானே என்று நினைக்காதீர்கள், 60 கிலோ ஆளுக்கு அது 6 கிலோ. என் மாமிக்கு இன்னும் இதில் மனவருத்தம்.

நடையை நிறுத்தினால் மூட்டு இன்னும் இறுகிவிடும். காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் டச்சுக்குடாவில் அலை நனைத்த இறுகிய மணலில் நடத்துகிறோம். மேலே உள்ள பொலபொலவென்ற மணலில் கால் புதைந்து வலிக்கும்; கச்சான் காலத்தில் சுடவும் செய்யும். திரும்பி உவர்மலை ஏற்றத்தில் தூக்கிக்கொண்டுதான் வருவேன், ஒரு கை நெஞ்சுக்குக் கீழ், மற்றது பின்பக்கத்தில்.

"நாய்க்கு வலி மாத்திரை இங்கே தரப்படாது, மிருக வைத்தியரிடம் கேளுங்கள்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய தாள்கள் என்னிடம் இருக்கின்றன. இந்தச் சனிக்கிழமை கடை கடையாக வருவேன். கண்ணாடியில் ஒட்ட ஒரு சாண் இடம் தாருங்கள்.

இப்படிக்கு,
உவர்மலையிலிருந்து ஒரு வாடிக்கையாளர்