தண்ணி கேனும் உன் இடுப்பும்

மதுரை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. படித்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது, கோபித்துக்கொள்ளாதே. ஹாஸ்டலில் மோட்டார் கெட்டுப்போன அந்தக் கோடையில் இரண்டு கையிலும் பக்கெட்டோடு மூன்றாவது மாடிக்கு ஏறியவள் நீ. ஒரே ஒரு குடத்தோடு மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தவள் நான். உன்னைப் போய் ஒரு தண்ணி கேன் இடுப்பைப் பிடிக்க வைத்துப் படுக்கையில் சாய்த்துவிட்டது என்றால் நம்பவா முடிகிறது?

ஆனால் மூன்றாம் பக்கத்தில் "இனி இந்த இடுப்பு அவ்வளவுதான், குனிந்து ஒரு வேலையும் செய்யப் போவதில்லை" என்று எழுதியிருந்தாய் பார், அங்கே சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்ததில், வலியைவிட இந்த ஒரு வாக்கியம்தான் அதிகம் பேரைப் படுக்க வைத்திருக்கிறது.

ஊர்ச் செய்தியை முதலில் முடித்துவிடுகிறேன். பெரியவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ராத்திரி முழுக்க விழித்திருந்து பகலில் தூங்குகிறாள், அப்படியே அவள் தாத்தா. நான் ரிடையர் ஆன பிறகு காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறேன். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். சுசீலா கோவையில் லிஃப்ட் இல்லாத வீட்டில் இரண்டாம் மாடிக்குக் குடிபோயிருக்கிறாள். புலம்பித் தள்ளினாள். "உனக்கு நல்லதுதான்டி" என்றேன், போனை வைத்துவிட்டாள்.

சரி, உன் விஷயம். நீ அனுப்பிய ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்தேன். நம் வயதில் திடீரென்று முதுகு பிடித்தால் நான் முதலில் தேடுவது எலும்பு முறிவைத்தான். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு மெலிந்து, சின்ன பாரத்துக்கே முள்ளெலும்பு நசுங்குவது உண்டு. உனக்கு அது இல்லை. டிஸ்க் பிதுக்கம், தேய்மானம் என்று எழுதியிருக்கிறது. டிஸ்க் என்றால் முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருப்பது. உங்கள் தெருக்காரர்கள் பாஷையில் "ஜவ்வு விலகிடுச்சு". அதைப் பார்த்துத்தானே பயந்தாய்? முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் ஒரு ஆய்வு வந்தது. அறுபது வயதுக்காரர்களில் 69 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. தேய்மானம் 88 சதவீதம் பேருக்கு. எல்லாரும் வலியில்லாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள். தெப்பக்குளத்தில் என்னோடு நடக்கிறவர்களை வரிசையாக ஸ்கேனில் படுக்க வைத்தால் பாதிக்கு மேல் உன் ரிப்போர்ட்தான் வரும். என்னுடையதும்தான். அதனால் அந்தப் பெரிய உறையைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டு. வருகிறவர் போகிறவரிடம் எடுத்துக் காட்டாதே.

அடுத்து இந்தப் படுக்கை. "ஆடாமல் அசையாமல் படு" என்று சொன்னது யார், உன் நாத்தனாரா? 1995-ல் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களில் முதுகு பிடித்துக்கொண்டவர்களை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு கூட்டத்துக்கு இரண்டு நாள் முழு ஓய்வு, இன்னொன்றுக்கு முதுகை அசைக்கும் பயிற்சி, மூன்றாவது கூட்டத்திடம் வலி விடுகிற அளவுக்கு வழக்கமான வேலையைப் பாருங்கள் என்று சொன்னார்கள். சீக்கிரம் தேறியது மூன்றாவது கூட்டம். கடைசியில் தேறியது படுத்தவர்கள். இரண்டே நாள் படுத்ததற்கே அப்படி, நீ வாரக்கணக்கில் படுத்திருக்கிறாய்.

ஏன் என்று கேட்பாய், கணக்குக்காரி ஆயிற்றே. வளர்ந்தவர்களின் டிஸ்குக்குள் ரத்தக் குழாய் கிடையாது. பாரம் ஏறும்போது அதிலிருந்து நீர் கசியும், பாரம் இறங்கும்போது சுற்றிலுமிருந்து நீரை இழுத்துக்கொள்ளும், சத்தும் கழிவும் மெல்ல ஊடுருவித்தான் வந்து போகும். இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்பார்களே, அதேதான். ராத்திரி படுக்கையில் நீர் ஏறி உப்புவதால் காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாகவே எழுகிறோம். அந்த நேரத்தில் டிஸ்க் விறைப்பாக இருக்கும், குனிந்து தூக்கினால் அழுத்தம் கூடுதல். நீ கேனைத் தூக்கியது எழுந்தவுடனே, காபிக்குத் தண்ணீர் இல்லை என்று. கொஞ்சம் நடந்து, கோலம் கீலம் எல்லாம் முடித்து ஒரு மணி நேரம் கழித்துத் தூக்கியிருந்தால் ஒருவேளை இந்தக் கடிதமே வந்திருக்காது.

இடுப்புக்குப் பெல்ட் வாங்கிவிட்டேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். வலி அதிகமாக இருக்கும்போது கொஞ்ச நேரம் கட்டிக்கொள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது வலி வராமல் தடுக்கும் என்று நினைக்காதே. 2016-ல் வந்த ஆய்வுத் தொகுப்பில் பெல்ட்டுக்கும் செருப்புக்குள் வைக்கும் மெத்தைக்கும் அப்படி ஒரு பலனும் தெரியவில்லை. பலன் தெரிந்தது உடற்பயிற்சிக்கு. முதுகை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லியும் கொடுத்து, பயிற்சியும் செய்யவைத்தால், அடுத்த ஒரு வருஷத்துக்குள் வலி வரும் வாய்ப்பு 45 சதவீதம் குறைந்தது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். உன் வலி போய்விடும். எண்ணெய் தடவி உருவினாலும் போகும், உருவாவிட்டாலும் போகும், உருவியவர் பேர் வாங்கிக்கொள்வார். பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு மாதத்தில் அடங்கிவிடும். வலி நின்றதும் எங்கள் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அடுத்த வருஷம் அதே ஆள், அதே சுவரைப் பிடித்துக்கொண்டு, அதே பெஞ்சில் வந்து உட்கார்வார். பயிற்சியை விடாமல் செய்ய வேண்டியதே வலி நின்ற பிறகுதான். அதைத்தான் ஆஸ்திரேலியாவில் சோதித்தார்கள். முதுகுவலியிலிருந்து அப்போதுதான் தேறியிருந்த 701 பேர், பெரும்பாலும் நம்மைப் போன்ற நடுவயதுப் பெண்கள். பாதிப் பேருக்கு ஒன்றும் செய்யவில்லை. மீதிப் பேரைக் கொஞ்சம் கொஞ்சமாக, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேர நடைக்குக் கொண்டுவந்தார்கள், நடுநடுவே ஒரு பிசியோ பேசி வழிகாட்டினார். சும்மா இருந்தவர்களில் பாதிப் பேருக்கு 112 நாளில் வலி திரும்பியது. நடந்தவர்களுக்கு அது 208 நாள். 2024-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஜிம் இல்லை, மெஷின் இல்லை, வெறும் நடை.

உனக்கு அண்ணா நகர் டவர் பார்க் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நாளைக்கே அரை மணி நேரம் போய் நிற்காதே. முதலில் தெருமுனை வரைக்கும். பிறகு பத்து நிமிஷம். லேசாக வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலையில் வலி முன்பைவிடக் கூடியிருந்தால் நேரத்தைக் குறை.

நடையோடு ஒரு பயிற்சி. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட ஸ்டூவர்ட் மெக்கில் என்ற பேராசிரியர் மூன்று பயிற்சிகளை வலியுறுத்துவார். அதில் உனக்கு இப்போது ஒன்று போதும். ஜமக்காளத்தை மடித்து முழங்காலுக்கு அடியில் போட்டுத் தவழும் நிலையில் இரு. இடுப்பின் மேல் ஒரு எவர்சில்வர் தட்டை வைக்கச் சொல். இப்போது வலது கையை முன்னாலும் இடது காலை பின்னாலும் மெதுவாக நீட்டு. தட்டு சரியக் கூடாது. பத்து எண்ணும் வரை நில், மூச்சை அடக்காதே, இறக்கிவிட்டு மறுபக்கம். முதல் நாள் தட்டு விழும், சத்தத்துக்கு அண்ணன் எழுந்து வருவார். விழட்டும். காலை உயரமாகத் தூக்கிக் காட்ட ஆசைப்படாதே, அப்போதுதான் விழும். நான் பயிற்சி கொடுத்தவர்களில் பெரிய ஆம்பிளைகளே இந்தத் தட்டிடம் தோற்றிருக்கிறார்கள்.

கேனுக்கு வருவோம். இருபது லிட்டர் என்றால் இருபது கிலோவுக்கு மேல். இப்போதைக்குக் கேன் மேல் மாட்டும் சின்ன பம்ப் வாங்கிக்கொள், தூக்கிக் கவிழ்க்க வேண்டாம். அண்ணன் தூக்கட்டும் என்று எழுத ஆசைதான், ஆனால் சிகரெட் இன்னும் விடவில்லை என்கிறாய், அதுவும் டிஸ்குக்கு ஆகாது. ஆனால் காலம் முழுக்கத் தூக்காமலே இருப்பது வழியில்லை. பேத்தியோ பேரனோ வந்தால் தூக்க மாட்டாயா? இரண்டு லிட்டர் பாட்டிலில் தொடங்கு, பிறகு ஐந்து லிட்டர், பிறகு பாதி பக்கெட். பாரத்தை உடம்போடு ஒட்டி வை, பிட்டத்தைப் பின்னால் தள்ளி முழங்காலை மடக்கு, தூக்கிக்கொண்டே உடம்பைத் திருப்பாதே, காலை எடுத்து வைத்துத் திரும்பு.

அம்மி, ஆட்டுக்கல் காலத்தில் உழைத்ததால் யாருக்கும் இடுப்பு வலித்ததில்லை என்று உன் மாமியார் சொன்னதைப் பாதிதான் ஏற்றுக்கொள்வேன். தரையில் உட்கார்ந்து எழுந்ததும் நடந்ததும் நல்லதுதான். ஆனால் என்னிடம் வந்தவர்களில் நாற்று நடும் பெண்கள் எத்தனை பேர் தெரியுமா? அவர்களைவிட உழைத்தவர் யார்? காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே குனிவு. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பெண்களும் அப்படித்தான், பகல் முழுக்கத் தலையைக் கவிழ்த்து ஒரே உட்கார்வு. நீ ஜூலை 31 நெருங்கும்போது வருமான வரி ரிட்டர்ன் போட லேப்டாப் முன்னால் உட்கார்கிறாயே, அந்த உட்கார்வும் இந்தக் குனிவும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். நிமிர்ந்து விறைப்பாக உட்கார வேண்டும் என்று மெனக்கெடாதே. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்தால் போதும். கிளையண்ட் போன் வந்தால் நின்றுகொண்டு பேசு. அவர்கள்தான் விடாமல் பேசுவார்களே.

இதெல்லாம் சாதாரண வலிக்கு. ஒன்றுக்கு, இரண்டுக்குப் போவதில் கட்டுப்பாடு போனாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ, பாதம் தூக்க வராமல் தளர்ந்தாலோ என் கடிதத்தைத் தேடிக்கொண்டிருக்காதே, அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போ. வலியோடு காய்ச்சல் வந்தாலும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும் டாக்டரிடம் சொல்.

அடுத்த மாதம் சின்னவன் மாமனார் வீட்டு விசேஷத்துக்குச் சென்னை வருகிறேன். வைகையில் டிக்கெட் போட்டாயிற்று, வழியெல்லாம் எழுந்து எழுந்து நடந்து பக்கத்து சீட்டுக்காரர்களின் உயிரை வாங்குவேன். ஒரு நாள் உன் வீட்டில்தான். தட்டை எடுத்து வை.

ஒன்று மட்டும் நீ எழுதவில்லை. வலி இடுப்போடு நிற்கிறதா, பின்தொடை வழியாக முழங்காலுக்குக் கீழே இறங்குகிறதா? இறங்கினால் எந்தக் காலில், எந்த விரல் வரைக்கும் என்று பார்த்து எழுது. அதைப் பொறுத்துப் பயிற்சியைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும்.

அன்புடன்,
மீனா