அரவிந்துக்கு எந்தக் கல்லூரி?

அன்புள்ள மீனா,

அம்மா எழுதுகிறேன். மூன்று வாரமாக நீ போனை எடுக்கவில்லை. பரீட்சை நேரம் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இது உன்னைப் பற்றிய கடிதம் இல்லை. சித்தி பையன் அரவிந்த் மெடிக்கல் லேப் படிக்கப் போகிறானாம், எந்தக் கல்லூரி என்று கேட்கிறான். அவனுக்குச் சொல்ல நினைப்பதை எழுதுகிறேன், சரியா பார்.

முதலில் நாக்கிள்ஸ் அங்கீகாரம், அதாவது அமெரிக்காவில் லேப் படிப்புகளைச் சரிபார்த்து அங்கீகரிக்கிற அமைப்பு கொடுப்பது. அது இல்லாத இடத்தில் நாலு வருஷம் படித்தால், லேபில் பல வருஷம் வேலை பார்த்த அனுபவத்தையும் காட்டினால்தான் ஏ.எஸ்.சி.பி. என்கிற லேப் சான்றிதழ் பரீட்சைக்கு உட்கார முடியும். கலிஃபோர்னியா, நியூயார்க், ஃப்ளோரிடா மாதிரி இடங்களில் மாநில லைசென்ஸ் வேறு வேண்டும்.

பிறகு பணம். என்னைப் போல கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷம் எம்.எல்.டி. (லேப் டெக்னீஷியன் படிப்பு) முடித்து, சம்பாதித்துக்கொண்டே மிச்சத்தைப் படிக்கலாம். நேராக நாலு வருஷம் என்றால் சொந்த மாநிலக் கல்லூரி. வெளி மாநிலத்துக்காரர்களுக்குக் கட்டணமே வேறு. கடைசி வருஷத்தை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பகல் முழுக்க ஆஸ்பத்திரி லேபில் பயிற்சி, பெரும்பாலும் சம்பளம் கிடையாது, கட்டணம் மட்டும் உண்டு. பகுதி நேர வேலைக்கும் போக முடியாது. நீ சாப்பிடுகிறாயா?

அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு கல்லூரியும் மூன்று வருஷ முடிவுகளை வெளியிட வேண்டும். படித்து முடித்த ஒரு வருஷத்துக்குள் பரீட்சை எழுதியவர்களில் சராசரி 75 சதவீதம் பாஸ், வேலை கிடைத்தவர்கள் 70, படிப்பை முடித்தவர்கள் 70. இதுதான் நாக்கிள்ஸ் கேட்கும் குறைந்தபட்சம். 100 என்று போட்டிருந்தால் எத்தனை பேருக்கு 100 என்று பார்க்கச் சொல். நாலு பேர் எழுதி நாலு பேர் பாஸானாலும் 100தான்.

இன்னொன்றை நான் போன வாரம்தான் கவனித்தேன். படிப்பை முடித்தவர்கள் என்கிற கணக்கு, படிப்பின் கடைசிப் பாதிக்குள் போனவர்களிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. மூன்று வருஷம் கல்லூரி, ஒரு வருஷம் ஆஸ்பத்திரி என்று நடத்தும் இடங்களில், லேப் படிப்பு என்று கணக்கில் எடுப்பது அந்த ஆஸ்பத்திரி வருஷத்தை மட்டும்தான். அதனால் மூன்று வருஷக் கட்டணத்தையும் கட்டிவிட்டு ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்காமல் நிற்கிற பிள்ளை அந்தக் கணக்கில் வருவதே இல்லை. ஒரு வரியில்கூட இல்லை. விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர், இடம் எத்தனை, கிடைக்காதவர்களை என்ன செய்வீர்கள் என்று அரவிந்த் முதல் நாளே கேட்க வேண்டும்.

உன் கல்லூரிப் பக்கத்தையும் பார்த்தேன். உன் ஆஸ்பத்திரி இடத்துக்கான இன்டர்வியூ பிப்ரவரியில் என்று சொன்ன ஞாபகம்.

போன வருஷம் நீ அனுப்பிய வீடியோ என் போனில் இருக்கிறது. பிளட் பேங்க் ட்யூபை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்க்கிறாய். அடியில் ஒட்டியிருந்த சிவப்புப் பொட்டு உடையாமல் ஒரே கட்டியாக எழும்புகிறது. சூப்பர்வைசரிடம் காட்டினேன். பொறுமையான கை என்றார். அந்தக் கையை வைத்துக்கொண்டு ஒரு மெசேஜ் தட்ட முடியவில்லையா உனக்கு?

அரவிந்துக்கு அங்கீகாரம்தான் முதலில். மறுபடியும் சொல்லிவிடு.

நீ நாலாம் வகுப்பு படித்தபோது என் ஏ.எஸ்.சி.பி. பரீட்சை தள்ளிப்போய்விட்டது என்று சொன்னேனே, தள்ளிப்போகவில்லை. 100 கேள்வி, இரண்டரை மணி நேரம். முடித்ததும் திரையிலேயே ஃபெயில் என்று வந்தது. 400 வேண்டும், எனக்கு 371. பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்குத்தான் நீ கணக்கில் பி வாங்கி வந்தாய். உன்னை என்னவெல்லாம் திட்டினேன் என்று எனக்கு இன்னும் வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. நாலு மாதம் கழித்துப் பாஸானபோது முதல் தடவையே பாஸ் என்று எல்லாரிடமும் சொன்னேன். அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது.

நீ இப்போது படிக்கிற கல்லூரிக்குப் போ என்று பிடிவாதமாக நின்றதும் நான்தான். அரை மணி தூரத்தில் ஸ்டேட் யூனிவர்சிட்டி இருந்தது, நீயும் அதைத்தான் கேட்டாய். நான் பெயரைப் பார்த்தேன். முடிவுகள் போட்டிருந்த பக்கத்தை அன்றைக்குத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கடன் உன் பேரில் இருக்கிறது.

இந்த வாரம் முழுக்க எனக்கு நைட் ஷிஃப்ட். காலை ஏழரைக்கு வண்டியில் தனியாகத்தான் இருப்பேன். அரவிந்துக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அம்மா